ஐந்தாவது டிஸ்க்கும் விருமாண்டியின் சிரிப்பும்

ஆயுதபூஜைக்கு ரோகிணி கேமரா, லைட், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். புதிதாக வாங்கிய ஹார்டு டிஸ்க்கை மட்டும் விட மனசு வருமா? அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே அப்பினாள். மறுநாள் ஆனையூரில் இருக்கும் தன் ஸ்டுடியோவின் லினக்ஸ் சர்வரில், இருந்த நான்கு டிஸ்க்குகளோடு அதையும் சேர்த்தாள். நான்கில் பிரித்து வைத்திருந்த கல்யாண வீடியோக்களை ஐந்தில் மாற்றி அடுக்க ஆரம்பித்தது மெஷின்.

ஏழு சதவீதத்தில் பிடித்தது சனி. திரை முழுக்க எரர். ஒரு ஃபோல்டரும் திறக்கவில்லை.

எதிரே எழுமலை ஊரிலிருந்து வந்த அழகுபாண்டி உட்கார்ந்திருந்தான். ஆவணியில் அவன் கல்யாணத்தைப் படம்பிடித்தது ரோகிணிதான்; ஆல்பமும் வீடியோவும் இன்னும் கொடுக்கவில்லை. அவன் அப்பா விருமாண்டி இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பதினாறாம் நாள் ஃப்ளெக்ஸுக்கு ஒரு நல்ல முகம் வேண்டும்.

"வீட்டுல ஆதார் படந்தான்க்கா இருக்கு. அதுல திருடன் மாதிரி முழிக்கிறாரு. கல்யாணத்துல சிரிச்சாருல்ல, அது ஒண்ணு போதும்."

கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. மிச்சம் இந்த மெஷினில் மட்டும்தான். புது டிஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்றிருந்தது ரோகிணிக்கு. நல்லவேளை, அதற்குமுன் நெல்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யாசீனுக்குப் போன் போட்டாள்.

"எதையும் புடுங்காதீங்கக்கா, வாரேன்," என்றான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டான், புண்ணியவான்.

அடுக்கும் வேலையை முறையாக நிறுத்தி, மெஷினை அணைத்து, புது டிஸ்க்கைக் கழற்றி மோந்து பார்த்தான்.

"கமகமன்னு இருக்குக்கா. சாமிக்குச் சரி, கனெக்டருக்குள்ளயுமா சந்தனம்?"

ரோகிணிக்கு வெட்கமாகப் போயிற்று. அவன் துடைத்து மாட்டினான்.

"இத நம்பி இனி முன்னால போக வேணாம். வந்த வழியே திருப்பிருவோம்," என்று ஒரு வரி தட்டினான். ஐந்தில் அடுக்கியதையெல்லாம் பழையபடி நான்குக்கே கொண்டுபோகச் சொல்லும் வரி அது. மூன்று மணி நேரம் மூவரும் திரையை விட்டு அசையவில்லை.

முடிந்ததும் ஃபோல்டர் திறந்தது. எல்லாம் இருந்தது. ரோகிணி யாசீனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள்.

திரையில் ஓடிய கல்யாண வீடியோவில், பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற விருமாண்டி கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "ஏத்தா, காலையிலருந்து நிக்கிற. அத வச்சுட்டு மொதல்ல சாப்புடு. எம் மகென் எங்க ஓடிரப் போறான்?"

அழகுபாண்டி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ரோகிணிக்கும் அடக்க முடியவில்லை. அன்றைக்கு "இந்தா வாரேன்யா" என்று சொன்னவள், சாப்பிடாமலே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். அந்த மனிதர் ஒருவர்தான் அவள் பசியைக் கவனித்தவர்.

பதினாறாம் நாள் எழுமலையில் அந்தச் சிரிப்பு பத்தடி உயரத்துக்கு நின்றது. ரோகிணி யாசீனையும் கூட்டிக்கொண்டு போனாள். கேமராவைக் காரிலேயே வைத்துவிட்டு, முதல் பந்தியில் உட்கார்ந்தாள்.