தொண்ணூற்றேழாவது இடம்

ஒரே புரதத்துக்கு இரண்டு மரபணுக்கள். பழையதை பாக்டீரியாவுக்குள் வைத்தபோது புரதம் முழு நீளத்தில் வந்தது. புதியதை வைத்தால் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும் வருகிறது. இரண்டும் சொல்லும் செய்தியோ ஒன்றேதான்: முந்நூற்றுப் பன்னிரண்டு அமினோ அமிலங்கள், அதே வரிசையில். ஆய்வகத்தில் இந்த வேலையைச் செய்துவந்த அவள் மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டாள்.

பழையது இப்போது இல்லை. நீண்ட விடுமுறை ஒன்றில் ஃப்ரீசர் நின்றுபோய் உள்ளே இருந்ததெல்லாம் உருகிவிட்டது. அதை வெளி நிறுவனம் ஒன்றில் செய்து வாங்கிவைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கணினியில் அதன் எழுத்து வரிசை மட்டும் மிச்சம். அதனால் அவள் அதே மரபணுவை மனித செல்லிலிருந்து புதிதாக நகலெடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஆய்வகத் தலைவர் வந்து புரதத்தின் நீளத்தைக் காட்டும் படத்தைப் பார்த்தார். எதற்கும் ஒரே கெடு வைப்பதால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'வெள்ளிக்கிழமை' என்று பெயர்.

"இதுவும் துண்டா?"

"துண்டுதான் சார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முழுசா வரலைன்னா மாடி லேபுக்குக் குடுத்துடலாம். உங்க கான்ட்ராக்டும் இந்த வேலைக்காகப் போட்டதுதானே..." என்று இழுத்தபடி கிளம்பினார்.

வெப்பநிலையைக் குறைத்துப் பார்த்தாயிற்று. ஊட்டக் கரைசலை மாற்றியாயிற்று. முழுப் புரதத்தை வேறெதுவோ வெட்டுகிறது என்றால் பல அளவில் துண்டுகள் வர வேண்டும். இங்கே எப்போதும் ஒரே அளவு, ஏறத்தாழ நூறு அமினோ அமில நீளம்.

அவள் தங்கியிருந்தது அண்ணன் வீட்டில். அண்ணி ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அன்று மாலை சாப்பிடும்போது அண்ணிதான் ஆரம்பித்தாள்.

"உன் பூச்சிங்க இன்னைக்காவது வேலை செஞ்சுதா?"

"அரைகுறையா, அண்ணி."

"எங்க லைனும் அப்படித்தான். முப்பத்தெட்டு நாற்காலி. காலு, சீட்டு, முதுகு எல்லாம் மாட்டியாச்சு, கை மட்டும் இல்ல. மேனேஜருக்கு மட்டும் ரெண்டு கை இருக்கு, அதைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறார்."

"கை தீர்ந்துபோச்சா?"

"கை மலை மாதிரி கிடக்கு. ஸ்க்ரூ வரல. ஆபீஸ்ல புதுசா வந்தவன் கருப்பு ஸ்க்ரூன்னு எழுதற இடத்துல பித்தளை ஸ்க்ரூன்னு எழுதிட்டான். அதுவும் தப்பில்ல, ரெண்டும் ஒரே அளவு, ஒரே பிடிமானம். ஆனா கருப்பு ஸ்க்ரூ கொண்டுவர ஆறு வண்டி ஓடுது. பித்தளைக்கு ஒரே வண்டி. அந்த வண்டிக்கார மகராசன் எங்க போனான்னு யாருக்கும் தெரியல."

"எல்லா நாற்காலியும் ஒரே இடத்துலதான் நின்னுச்சா?"

"பின்ன? பித்தளை எங்க வேணுமோ அங்கதானே நிக்கும். என்ன, இங்க வேலைக்கு வர்றியா? கை மாட்ட ஆள் எடுக்கறாங்க."

வலது கை சோற்றில் இருக்க, அவள் இடது கையால் கணினியைத் திறந்தாள்.

செல் மரபணுவிலிருந்து நேராகப் புரதத்தைக் கட்டுவதில்லை. முதலில் ஆர்.என்.ஏ. என்னும் நகலை எடுக்கிறது. அந்த நகலின் மேல் ரைபோசோம் மும்மூன்று எழுத்தாக நகர்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் பொருந்துகிற ஒரு சிறு ஏந்தி, உரிய அமினோ அமிலத்தைச் சுமந்து வந்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் சங்கிலியில் அடுத்த கண்ணி சேரும். அமினோ அமிலங்கள் இருபது, அவற்றுக்கான மூன்றெழுத்துகளோ அறுபத்தொன்று. ஆகவே ஒரே அமிலத்தைப் பல விதமாக எழுதலாம். அர்ஜினினுக்கு மட்டும் ஆறு விதம்.

அவள் இதுவரை ஒப்பிட்டது அமினோ அமிலங்களை. எழுத்துகளை அமிலமாக மாற்றிக் காட்டும் வசதி கணினியில் இருந்தது. அந்த வசதியே கண்ணை மறைத்தது. இப்போது எழுத்துகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தொண்ணூற்றேழாவது இடத்திலும் அடுத்த இடத்திலும் அர்ஜினின். பழைய மரபணுவில் இரண்டும் சி-ஜி-டி. புதியதில் இரண்டும் ஏ-ஜி-ஜி.

மனித செல்லுக்கு ஏ-ஜி-ஜி சாதாரணம். அவள் வளர்க்கும் பாக்டீரியாவில் அதற்கான ஏந்தி மிக அரிது; இங்கே அடுத்தடுத்து இரண்டு முறை வேண்டும். ரைபோசோம் காத்து நிற்கிறது. கடைசியில் செல் நகலை வெட்டி, அரைகுறைச் சங்கிலியை உதிர்த்துவிடுகிறது. முன்பிருந்தவர் பாக்டீரியாவுக்குத் தோதாக மாற்றி எழுதி வாங்கியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

அப்படி மறுபடி எழுதி வாங்க மூன்று வாரம் ஆகும். செவ்வாய்க்கிழமை காலை அவள் மாடி ஏறினாள். அவர்களிடம் இருந்த ஒரு பாக்டீரியாவை அவள் கேட்டதும், அங்கிருந்த உதவியாளர் சிரித்தார்.

"எங்க விரலாலயே எங்க கண்ணைக் குத்தப் பார்க்கறீங்களா?"

"ஆமாங்க."

"ஒளிச்சுப் பேசாம கேட்டீங்களே, அதுக்கே தரணும்." பனிக்கட்டி நிரம்பிய கோப்பையில் ஒரு சிறு குழாயைச் செருகிக் கொடுத்தார்.

குழாயில் இருந்தது அதே பாக்டீரியாவின் வேறொரு வகை. ஏ-ஜி-ஜி-க்கான ஏந்தியை மிகுதியாகச் செய்ய அதற்குக் கூடுதல் மரபணு கொடுத்திருந்தார்கள். அவள் தன் புதிய மரபணுவை ஓர் எழுத்தும் மாற்றாமல் அதற்குள் வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை, முந்நூற்றுப் பன்னிரண்டு அமினோ அமில நீளத்தில் முழுப் புரதம் வந்திருந்தது.