உள்ளே வராத விருந்தாளிகள்

1

இந்தக் கதை ஒரு குப்பைப் பைக் கட்டிலிருந்து வந்தது என்று சொன்னால் கேலி செய்வீர்கள். செய்யுங்கள். அக்டோபர் மாதம், அமெரிக்காவின் டி மொயின் நகரத்தில், மலிவுச் சாமான் விற்கும் ஒரு கடையில் ஹாலோவீன் என்கிற பேய்ப் பண்டிகைக்கு மிட்டாய் வாங்க நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், ஆளுயர பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைத் தூக்கித் தன் வண்டியில் உட்காரவைத்தாள். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி இறக்கி, எடுத்த இடத்திலேயே மாட்டினாள். மாட்டிவிட்டு, மடங்கியிருந்த அதன் முழங்கையை நேராக்கியும் விட்டாள். பிறகு கறுப்புக் குப்பைப் பை ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் பார்த்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு, அவள் பெயர் மார்லா வென்ட்சல் என்பது உட்பட. முழங்கையை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "பனி விழத் தொடங்கிய அந்த மாலையில், மார்லா தன் மகளின்—"

வேண்டாம். அக்டோபரில் இங்கே பனி விழுந்தாலும் விழலாம், ஆனால் கதைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

தொடக்கம் இரண்டு: "தனிமை என்பது—"

இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்கமாட்டேன்.

தொடக்கம் மூன்று: "அம்மா, கண்ணுக்கெல்லாம் தோல் உரிச்சாச்சு" என்றாள் ஓப்பல்.

இது இருக்கட்டும். பயமுறுத்துகிறது, கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. கண் என்றால் திராட்சைப்பழம்.

3

"அம்மா, கண்ணுக்கெல்லாம் தோல் உரிச்சாச்சு" என்றாள் ஓப்பல்.

ஒன்பது வயதுப் பெண். விரலெல்லாம் திராட்சைச் சாறு. உரித்த பழங்களை ஒரு கிண்ணத்தில் போட்டுத் துணியால் மூடி, கண்ணைக் கட்டிக்கொண்டு கையை விடச் சொன்னால், யாரோ ஒருவருடைய கண்ணைத் தொட்டது மாதிரியே இருக்கும். பக்கத்துக் கிண்ணத்தில் வேகவைத்து ஆறவைத்த நூடுல்ஸ், அது குடல். பால் வந்த காலி கேன்களில் மையால் வாயும் மூக்கும் வரைந்து உள்ளே சின்ன விளக்கு வைத்தால் பேய்த்தலை. கிழிந்த படுக்கை விரிப்பு ஒரு முழுப் பேய். குப்பைப் பையைக் கத்தரித்து மார்லா செய்த வௌவால்கள் கூரையெங்கும் தொங்கின. எலும்புக்கூடு வாங்க முடியாத வீட்டில் மற்ற எல்லா உறுப்புகளும் தயாராக இருந்தன.

"விருந்துக்கு எல்லாரும் வருவாங்களாம்மா?"

"உன் கிளாஸ் கெல்லனோட அம்மா என்ன சொன்னாங்க? 'கண்டிப்பா வருவான்'னாங்க. அந்த ரெட்டைப் பிள்ளைங்க அம்மாவும் அதையேதான் சொன்னாங்க."

"வந்து என்கிட்ட பேசுவாங்களா?"

"நீ கண்ணைப் பிடுங்கிக் கையில குடுக்கப்போற. பேசாம எப்படி இருப்பாங்க? கத்துவாங்க."

"கத்துறது பேசுறது இல்லம்மா."

மார்லா கேக்குகளின் மேல் சாக்லேட்டால் சிலந்திக்குக் கால் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னச் சின்ன கேக்குகள், காகிதக் கிண்ணத்தில் சுட்டவை. கோடை முடிவில் அம்மாவும் மகளும் கள்ளிச்செடி முளைக்கிற பாலைவன ஊரான டூசானிலிருந்து இந்த ஊருக்கு வந்தார்கள். பள்ளி தொடங்கியதிலிருந்து ஓப்பல் மதிய உணவைத் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். 'அமைதியான பிள்ளை' என்று ஆசிரியை மார்லாவிடம் பாராட்டினாள். டூசானில் அந்தப் பிள்ளையின் வாயை மூடுவதுதான் மார்லாவுக்குப் பெரும்பாடாக இருந்தது. இந்த விருந்தில் ஒரே ஒரு பிள்ளையாவது ஓப்பலோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மார்லாவுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

4

[இங்கே ஒரு அப்பா இருந்தார். கர்ட் என்று பெயர் வைத்து, ஏணியில் ஏற்றி, வௌவால் கட்டவைத்திருந்தேன். ஏறினாரே தவிர அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவரை டூசானுக்கே அனுப்பிவிட்டேன். கதையில் யாரும் அவரைத் தேடவும் இல்லை, மார்லாவும் அப்படித்தான்.]

5

இனி தவறைச் சொல்லிவிடுகிறேன். வாசகரிடம் மறைத்து வைத்துக் கடைசியில் திடுக்கிடவைக்கிற வித்தையெல்லாம் எனக்குக் கைவராது.

ஹாலோவீன் அக்டோபர் முப்பத்தொன்று. அன்று மாலை பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கப் போய்விடுவார்கள், விருந்துக்கு ஒரு குஞ்சும் வராது என்று மார்லா யோசித்தாள். அதனால் விருந்தை முப்பதாம் தேதிக்கு வைத்தாள். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளவும் செய்தாள். டூசானில் இது சரியான கணக்குத்தான்.

எங்கள் ஊரில் பிள்ளைகள் வீடு வீடாகப் போவது முப்பதாம் தேதிதான். பிச்சைக்கார இரவு என்று அதற்குப் பெயர். முப்பத்தொன்றாம் தேதி மாலை தெருவில் நாய்கூட நடமாடாது. இன்னொன்றும் உண்டு. சும்மா பையை நீட்டினால் இங்கே மிட்டாய் போடமாட்டார்கள், ஒரு ஜோக் சொல்ல வேண்டும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். இருபது வருடமாக நானும் கேட்காமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

யாரும் ஏன் மார்லாவிடம் சொல்லவில்லை?* இந்த ஊர்க்காரர்கள் எதிரே நிற்பவரிடம் 'நீங்கள் சொல்வது தப்பு' என்று சொல்லமாட்டார்கள். நாக்கு வராது. அதோடு, அவர்களுக்கு அதில் தப்பே தெரியவில்லை. முப்பதாம் தேதி மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று ஒருத்தி அழைப்பு அனுப்பினால், 'பாவம், ஊருக்குப் புதுசு, நம்ம பிள்ளைங்க தன் வீட்டை விட்டுட்டுப் போயிடக்கூடாதுன்னு கூப்பிடுறா' என்றுதான் நினைப்பார்கள். கண்டிப்பாக வருவான் என்றார்கள். மனதாரத்தான் சொன்னார்கள்.

* ஓப்பலாவது பள்ளியில் கேட்டிருக்க மாட்டாளா என்று கைப்பிரதியைப் படித்த நண்பர் மடக்கினார். வகுப்பில் பத்து நாளாக இதே பேச்சாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஓப்பலிடம் யாரும் பேசுவதில்லை என்பதுதானே, ஐயா, இந்தக் கதையே.

6

ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. ஓப்பல் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் வேஷம் கள்ளிச்செடி. பச்சை ஸ்வெட்டரில் மார்லா உறிஞ்சுகுழல் துண்டுகளை முள்ளாகத் தைத்திருந்தாள். மார்லா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் கெல்லன். குளிருக்குப் போட்ட கோட்டின் மேலேயே அட்டைப்பெட்டியை மாட்டிக்கொண்டு, ரோபோவாகப் பிதுங்கிக்கொண்டிருந்தான்.

"வா வா, நீதான் முதல் ஆளு!"

"எலும்புக்கூடு ஏன் ஐஸ்கிரீம் வேணாம்னு சொல்லிச்சு?"

"என்னப்பா?"

"வாயில போட்டா நேரா கீழ விழுந்துரும்!"**

சொல்லிவிட்டுத் தலையணை உறையை விரித்து நீட்டினான். மார்லா சிரித்தாள். பிள்ளை நல்ல கலகலப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

"உள்ள வாப்பா. ஓப்பல் உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கா."

"இல்லீங்க, எங்கப்பா நடைபாதையில நிக்கிறாரு. இன்னும் நிறைய வீடு இருக்கு." உறையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினான்.

மார்லாவிடம் மிட்டாய் இல்லை. மிட்டாய் நாளைக்கல்லவா வாங்க வேண்டும்? கைக்குக் கிடைத்த சிலந்தி கேக்கை எடுத்து உறைக்குள் போட்டாள். அது தலைகீழாக விழுந்தது. கெல்லன் நன்றி சொல்லிவிட்டு ஓடிப்போனான். மார்லா திரும்பி மகளைப் பார்த்தாள். ஓப்பல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

 ** அவன் உண்மையில் சொல்லியிருக்கக்கூடிய ஜோக் அவன் மொழியில் மட்டும் சிரிக்கவைக்கும். கடல் தாண்டினால் செத்துப்போகும். இது நான் தைத்துக் கொடுத்தது.

அடுத்து ரெட்டையர், ஹேட்டியும் மேவும். ஒருத்தி உப்பு டப்பா, ஒருத்தி மிளகு டப்பா.

"பேய் ஏன் கதவைத் தட்டாது?" என்றாள் உப்பு.

"தட்டினா கை உள்ள போயிருமே!" என்றாள் மிளகு.

இந்தத் தடவை மார்லா சிரிக்கவில்லை. அவர்கள் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக, பையும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நடைபாதையில் ரெட்டையரின் அம்மா ஜோலீன் காபிக் குவளையோடு நின்று கையாட்டினாள். ஆட்டிய கை பாதியில் நின்றது. திறந்த கதவு வழியாக வௌவால்களையும், விரித்த மேஜையையும், வரிசையாக வைத்த காகிதத் தட்டுகளையும் அவள் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, உள்ளயா விருந்து?" என்று படி வரைக்கும் வந்தாள். "நாங்க என்னமோ, சும்மா வந்துட்டுப் போகச் சொல்றீங்கன்னு... இன்னிக்குப் பிச்சைக்கார இரவுங்க."

"அது நாளைக்கு இல்லையா?"

"நாளைக்கு ஒண்ணும் கிடையாதுங்க. நாளைக்கு வெறும் வியாழக்கிழமை."

மார்லாவின் முகம் காது வரைக்கும் சிவந்தது. ஜோலீன் மேஜையை எட்டிப் பார்த்தாள். "கேக் அருமையா இருக்குங்க" என்றாள். அவள் இன்னும் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

7

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு மூன்று நாள் சும்மா இருந்தேன். மூன்று முடிவுகள் எழுதியிருக்கிறேன். பாருங்கள்.

(அ) ஜோலீன் தெருவைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள். பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வருகிறார்கள், குடல் பறக்கிறது, ஓப்பல் நடுவில் நின்று— அடித்துவிட்டேன். எட்டு மணியோடு எல்லா வீட்டிலும் கடையைக் கட்டிவிடுவார்கள். அதற்குள் தெருவை முடிக்க நினைக்கிற பிள்ளையைப் பெற்ற தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது.

(ஆ) மார்லா வாசல் விளக்கை அணைக்கிறாள். விளக்கு எரியாத வீட்டை யாரும் தட்டமாட்டார்கள். அம்மாவும் மகளும் இருட்டில் உட்கார்ந்து கண்களை ஒவ்வொன்றாகத் தின்கிறார்கள். இதை எழுதியபோது, எனக்குத் தெரிந்த இரண்டு விமர்சகர்கள் தலையாட்டுவது தெரிந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையை இருட்டில் உட்காரவைத்து எனக்குப் பாராட்டு வேண்டியதில்லை.

(இ) ஓப்பல் கண் கிண்ணத்தை வாசலுக்குத் தூக்கி வருகிறாள், வருகிறவர்களையெல்லாம் கையை விடச் சொல்கிறாள், வரிசை தெருமுனை வரை நீள்கிறது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த யோசனை ஓப்பலுடையது அல்ல, மேஜையில் உட்கார்ந்து எழுதுகிற என்னுடையது. அவ்வளவு துணிச்சல் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு விருந்தே தேவைப்பட்டிருக்காது.

8

ஓப்பல் செய்தது இதுதான். சோபாவிலிருந்து இறங்கி வந்து, அம்மாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"அம்மா, நானும் அவங்களோட போகட்டுமா?"

மார்லா வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ இதெல்லாம்—"

[மார்லாவின் மனதைப் பற்றி இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவளுக்கு வலித்தது. வேறொன்றுமில்லை.]

"போ. தலையணை உறை ஒண்ணை உருவி எடுத்துக்கோ" என்றாள் மார்லா.

ஓப்பல் படியிறங்கினாள். உப்பும் மிளகும் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"நீ என்ன, வெள்ளரிக்காயா?" என்றாள் மேவ்.

"கள்ளிச்செடி."

"ஜோக் வச்சிருக்கியா?"

ஓப்பல் இல்லை என்று தலையாட்டினாள்.

"ஜோக் இல்லாம எப்படி? எங்களுதைச் சொல்லக்கூடாது, ஆமா. அது எங்களுது."

"ஏ, சும்மா இருடி" என்றாள் ஹேட்டி. "கூட வரட்டும். ஆனா உன் ஜோக்கை நீயேதான் சொல்லணும், சரியா?"

ஓப்பல் சரி என்றாள். சரி என்று சொன்னாளே தவிர, அவள் முகத்தில் இருந்தது பயம்தான். மூன்று பேரும் அடுத்த வீட்டை நோக்கி நடந்தார்கள். ஜோலீன் பின்னாலேயே போனாள்.

9

ஓப்பலுக்காக நான் மூன்று ஜோக் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நடுவயது ஆள் சொல்கிற ஜோக். அவள் வாய்க்குப் பொருந்தவில்லை.

உண்மையில் அவளுக்கு நல்ல ஜோக் தேவையே இல்லை. எவ்வளவு மொக்கையாகச் சொன்னாலும் இந்த ஊரில் யாரும் மிட்டாயை மறுத்ததில்லை. ஒரு வருடம் என் வாசலில் ஒரு குட்டி டைனோசர், பாதி ஜோக்கில் மீதியை மறந்துபோய் அழுதுகொண்டே ஓடினான். மிட்டாய்க் கூடையோடு நானும் பின்னாலேயே ஓடினேன். இதை யாராவது ஓப்பலிடம் சொன்னால் நன்றாக இருக்கும். ரெட்டையருக்குத் தோன்றாது. மார்லாவுக்கே தெரியாது. நான் எழுதுகிற ஆள், கதைக்கு வெளியே நிற்கிறேன்.

அந்த அடுத்த வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று நிறைய யோசித்தேன். ஒரு கிழவர், ஒரு செவிலி, ஒரு புதுமணத் தம்பதி என்று குடிவைத்துப் பார்த்துக் காலி செய்தேன். கடைசியில் உங்களுக்கே கொடுத்துவிட்டேன்.

மணி அடிக்கும். கதவைத் திறங்கள். உப்பும் மிளகும் முதலில் சொல்வார்கள். நீங்கள் ஏற்கெனவே கேட்ட ஜோக்தான், இருந்தாலும் சிரித்து வையுங்கள். பிறகு பச்சை ஸ்வெட்டர் போட்ட பிள்ளை முன்னால் வருவாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து வெளியாள் யாரிடமும் முழுதாக ஒரு வாக்கியம் பேசாதவள். வாயைத் திறக்க நேரமாகும். அவசரப்படுத்தாதீர்கள்.

அவள் என்ன சொன்னாலும் சிரியுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சிரியுங்கள். பக்கத்து வாசலில் அவள் அம்மா கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகாமல் இந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.