பதினாறு கோரும் ஒரு தேங்காய்க் கணக்கும்

புக்கிங் ஆபீஸில் சாஃப்ட்வேர் எழுதும் அஃப்சானாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு 2009 தைப்பூசத்துக்கான பழனி லாட்ஜ் புக்கிங் திறக்கிறது. அவள் பேச்சை நம்பி முதலாளி முத்துக்கிருஷ்ணன் வாங்கிப்போட்ட, ஒரே நேரத்தில் பதினாறு வேலை பார்க்கக்கூடிய பதினாறு கோர் சர்வரோ, பழைய நாலு கோர் பெட்டியைவிட மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"நாலு மணிக்குக் கம்பெனிக்காரன் வாரான். சரியாகலேன்னா பெட்டியத் திருப்பி அனுப்பிருவேன். அப்புறம் உன் பேச்ச இந்த ஆபீஸ்ல யாரு கேப்பா?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சோதனைக்குப் போலிப் புக்கிங்குகளை ஆயிரக்கணக்கில் ஏவிப் பார்த்தாள். பதினைந்து கோர் சும்மா கிடந்தன. யார் எதற்காகக் காத்து நிற்கிறார்கள் என்று பத்து விநாடிக்கு ஒருமுறை பதிவு எடுத்தாள். மூன்று தடவையும் ஒரே பதில். எல்லாப் புக்கிங்கும் டேட்டாபேஸில் ஒரே டேபிளின் ஒரே வரிக்காகத் தவம் கிடந்தன. ஒன்று அதைப் பூட்டி, அறை ஒதுக்கி, எஸ்.எம்.எஸ். அனுப்பி, திறந்துவிட்டால்தான் அடுத்தது.

அது முருகனுடைய வரி, தேங்காய் எண்ணிக்கை ஏறும் இடம். புக்கிங்குக்கு ஒரு தேங்காய் வீதம் மலையடிவாரத்தில் சிதறுகாய் உடைப்பதாக முத்துக்கிருஷ்ணனுக்கு வேண்டுதல். புக்கிங் விழ விழ எண்ணிக்கை தன் திரையில் ஏற வேண்டும் என்றார். புது சர்வர் வந்த கையோடு, நல்ல பேர் வாங்கும் ஆசையில் அதை எழுதிக்கொடுத்தவள் இவளேதான்.

மெஷின் மேல் பழியைப் போட்டால் தப்பிக்கலாம். போயும் போயும் நானா அவரிடம் முருகன் வரியை எடுக்கச் சொல்வது? முக்காட்டை நாலு தடவை சரிசெய்தாள். மூன்றே முக்காலுக்கு எழுந்து போனாள்.

"அண்ணே, மெஷின்ல தப்பில்ல. தேங்காக் கணக்குலதான் எல்லாம் முட்டிக்கிட்டு நிக்கிது. எழுதுனது நான்தான்."

அவர் முகம் கறுத்தது. "சாமி காரியத்துல கைவைக்கச் சொல்றியா?"

"இல்லண்ணே. ஒவ்வொண்ணா எண்ண வேணாம். சாயங்காலம் புக்கிங்க மொத்தமா எண்ணுனா அதே கணக்குதான். ஒரு காய் கொறையாது."

வாசலில் சர்வர் கம்பெனி வேன் வந்து நின்றது. அவர் வேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எடுத்துரு."

ஓடிப்போய் எடுத்தாள், மறுபடி ஏவினாள். பதினாறு கோரும் ஒருசேர ஓடத் தொடங்கின. பின்னாலேயே வந்து நின்றவர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"ஆனா தெனமும் சாயங்காலம் நீதான் எண்ணிச் சொல்லணும், ஆமா. வேற ஆளு எண்ணுனா நான் ஒடைக்க மாட்டேன்."