இத்தாலிக்குப் போன மதலேனம்மாள்

ஆனைக்கரைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துப் பங்களாவில் இன்னாசிராஜ் சமையல்காரர். எழுபத்து நாலாம் வருஷத்து மழையில் அவர் மனைவி மதலேனம்மாள் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அடக்கத்தன்று நாலு வயது மகள் சிசிலியைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அம்மா வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தார்கள்.

சிசிலி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் மாறி மாறிக் கஞ்சியும் கப்பைக்கிழங்கும் ஊட்டிப் பார்த்தார்கள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். எலும்பு தெரிய ஆரம்பித்தபோது, இன்னாசிராஜ் துரையிடம் கேட்டு அவளைப் பங்களா அடுக்களைக்குக் கூட்டிப்போனார்.

ஏலக்காய் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்களுக்காக அன்று மக்ரோனி வெந்துகொண்டிருந்தது. ஒரு துண்டை ஆற்றி அவள் கையில் கொடுத்து, இது இத்தாலிச் சாப்பாடு, அது போப்பாண்டவர் இருக்கிற ஊர் என்றார். சிசிலி அதன் ஓட்டை வழியே பார்த்தாள்.

"அம்மா அங்கதான் போயிருக்கா?"

அவர் இன்னொரு துண்டை ஆற்றிக் கொடுத்தார். "ஆமாம்மா. அங்க இதத்தான் தின்னுக்கிட்டிருக்கா."

அவள் தட்டு முழுக்கத் தின்றாள். அவர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. விருந்து மிச்சத்தில் சீன நூடுல்ஸ் வந்தது. பேரீச்சம்பழம் போட்ட அரபுச் சோறு வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் மதலேனம்மாள் ஒரு நாடு தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். மகளின் கன்னம் தேறத் தேற அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலை, குமுளிக்குக் கிளம்பிய தோட்டத்து ஜீப்பில் சிசிலி ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் அம்மாவின் சேலை. அரபு நாட்டில் இறக்கிவிடும்படி டிரைவர் சுருளிவேலிடம் சொல்லியிருந்தாள். இன்னாசிராஜ் தூக்கப் போனபோது கம்பியை விடவில்லை. சுருளிவேல்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

இன்னாசிராஜ் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். புது மரச்சிலுவை ஒன்றின் முன் இறக்கிவிட்டார்.

"அம்மா எந்த நாட்டுக்கும் போகல தாயி. செத்துப்போயிட்டா. இங்கதான் பொதச்சிருக்கு. அப்பா சொன்னதெல்லாம் பொய்."

அவள் அழவில்லை. குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"இங்க அவளுக்கு யாரு சோறு குடுப்பா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் கஞ்சி வைத்தார். மறுபடி வாயை மூடிக்கொள்வாள் என்று பயந்துகொண்டிருந்தார். சிசிலி கிண்ணத்தை இழுத்து வைத்துத் தானே குடித்தாள். அதன்பின் எதை வைத்தாலும் தின்றாள். எந்த நாட்டுச் சாப்பாடு என்று ஒருபோதும் கேட்கவில்லை. வயிறு நிறைந்ததும் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டாள்.