தகவிரிக்குப் போன மெத்தைகள்

கிசுமு நகரத்துக்கு வெளியே இருக்கும் பும்சிகா மெத்தை ஆலையில் பெரில் அகெயோவின் சிரிப்பைக் கேட்காதவர்கள் கிடையாது. மூன்றாவது மாடியில் அவள் சிரித்தால் கீழே பஞ்சுநுரை அறுக்கிறவர்களுக்குக் கேட்கும். அந்த வாரம் முழுக்க அவள் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். காதையும் கையையும் ஒருவழியாக இணைத்துவிட்டாள் அல்லவா!

காது என்றால் சிகியோ. சுவாஹிலியில் அதற்குப் பெயரே காதுதான். கடைக்காரர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று செல்பேசியில் பேசி அனுப்பினால், அது சுவாஹிலியோ லுவோவோ கிசியோ, எல்லாம் கலந்த சந்தைப் பேச்சோ, சிகியோ கேட்டுப் புரிந்துகொள்ளும். அது ஆலையில் ஏற்கெனவே இருந்ததுதான். கை என்பது கீழே இருக்கும் இயந்திரங்கள். நுரையை அளந்து அறுப்பது, உறை போடுவது, காற்றை உறிஞ்சிப் பாய் போலச் சுருட்டுவது, லாரியில் அடுக்குவது எல்லாம் அவை செய்யும். நடுவில்தான் மனிதர்கள் கேட்டதை எழுதி, எழுதியதைச் சரிபார்த்து, சரிபார்த்ததை மறுபடி எழுதி, ஒரு மெத்தை கடைக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆக்கினார்கள். எழுதிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் விற்பனையில் வேலை கொடுத்தால்தான் இதைத் தொடுவேன் என்று இயக்குநர் சிமியூவிடம் அடம்பிடித்து, கையெழுத்தே வாங்கிக்கொண்டு, பிறகுதான் அகெயோ வேலையை ஆரம்பித்தாள். இப்போது வாயிலிருந்து லாரி வரைக்கும் யாரும் விரல் வைக்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை அவள் தேநீரை வாயில் வைத்த நேரம், நிதிப் பிரிவுத் தலைவர் கதோகோ வந்து எதிரே நின்றார். நியேரி மலைப்பக்கத்து மனிதர். கசங்காத சட்டை, பளபளக்கும் காலணி. இந்த இணைப்பே வேண்டாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னவர் அவர்தான்.

"அகெயோ, உன் காது நேத்து என்ன குடிச்சிருந்துச்சு?"

"ஏன் சார், காலங்காத்தாலயே சண்டையா?"

"தகவிரித் தீவுலருந்து ஒரே ஆளு நூத்தியிருபது மெத்தை கேட்டிருக்காம். அந்தத் தீவுல அத்தனை கட்டில் கூட இருக்காது."

"கட்டில் இல்லாததாலதான் மெத்தை கேக்குறாங்களோ என்னவோ."

"சிரி, நல்லா சிரி. கடைசியில என்ன இருக்குன்னு பாத்தியா?" என்று தன் செல்பேசியை நீட்டினார். "தலையணை ஒன்று. பெரிய தலைக்கு."

அகெயோவின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் குரல்பதிவை இருவரும் சேர்ந்து கேட்டார்கள். காற்று, படகு எஞ்சின், யாரோ முரசு தட்டுகிற சத்தம், பெண்கள் கெக்கெக்கே என்று சிரிப்பது, நடுவில் ஒரு ஆடு. லுவோ மொழியிலேயே பிறந்து வளர்ந்த அகெயோவுக்கே இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பிடிபடவில்லை. திரும்பக் கூப்பிட்டால் அந்த எண் அணைந்து கிடந்தது. கீழே ஓடிப் பார்த்தால், மெத்தைகள் அறுபட்டு, சுருண்டு, விடியும்போதே கிளம்பிப் போயிருந்தன. லாரி ஓட்டுநர் ஒசோரோவைக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க ஒசோரோ?"

"எம்பிட்டா ஏரிக்கரைக்கு வந்துட்டேன் மேடம். இங்க ஒரே பாட்டா இருக்கு. என்ன? கேக்கல மேடம்! ஆமா, எல்லாரும் நல்ல ஜனங்க!" என்று கத்தினார். இணைப்பு அறுந்துவிட்டது.

இயக்குநர் சிமியூ கோபத்தில் குரலை உயர்த்துகிறவர் அல்ல, தாழ்த்துகிறவர். அன்று மிகவும் தாழ்ந்த குரலில் பேசினார். "ரெண்டு பேரும் போங்க. மெத்தை திரும்பி வரணும். வரலைன்னா அந்தக் காதுல பஞ்ச வச்சு அடைச்சுட்டு, பழையபடி எழுத ஆரம்பிச்சிடலாம்."

ஹோமா பே வழியாகக் காரில் போனார்கள். வழியெல்லாம் கதோகோ பேசிக்கொண்டே வந்தார். அகெயோவோ, சிகியோ எங்கே தவறியிருக்கும் என்று மனதுக்குள் ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆட்டின் கத்தலைப் போய் ஆணையாக எடுத்துக்கொண்டதோ?

"இந்தா, வாழைப்பழம் சாப்பிடு" என்றார் கதோகோ. "வேலை போனாலும் பசி போகாது."

"உங்களுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருக்குமே சார்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "சத்தியமா இல்லம்மா. நீ தோத்தா எனக்குச் சண்டை போட யாரு இருக்கா?"

எம்பிட்டாவில் அவர்கள் இறங்கியபோது லாரி பாதி காலியாகியிருந்தது. கரையெல்லாம் பெண்கள். சுருட்டிய மெத்தைகளைத் தலைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, பாடிக்கொண்டே, முழங்கால் தண்ணீரில் நடந்து படகுகளில் அடுக்கினார்கள். ஒசோரோ ஒரு கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்து பொரித்த மீனும் உகாலி என்னும் சோளக்களியுமாக வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!" என்று கதோகோ சுவாஹிலியில் கூவினார். "இது தப்பா வந்த சரக்கு!"

பாட்டு நின்றது. கழுத்தில் விசில் தொங்க, நெடுநெடுவென்று உயர்ந்த ஒரு பெண் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தாள். தகவிரித் தீவின் மீன்காரப் பெண்கள் சங்கத்துத் தலைவி, ரோஸ்பெல்லா அதிபோ. பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குப் பந்தாட்டம் பழக்குகிறவளும் அவள்தான்.

"என்னய்யா தப்பு? பேசுனது நானு. கேட்டது நானு. மெத்தை வந்துருக்கு. இதுல எது தப்பு?"

"நூத்தியிருபதா கேட்டீங்க?" என்றாள் அகெயோ லுவோவில்.

"அட, நம்ம பொண்ணா நீ! ஆமா தங்கச்சி. ஆறு தீவுப் பொண்ணுங்க கால்பந்துப் போட்டி, இந்த வருசம்தான் முதல்முதலா எங்க தீவுல நடக்குது. ஒவ்வொரு வருசமும் நாங்க கேப்போம். உங்க ஊர்ல படுக்க இடமில்லன்னு தட்டிக்கழிச்சிடுவாங்க. போன வருசம் எங்க பிள்ளைங்க வேற தீவுல வெறும் சிமெண்டுல படுத்து, காலையில முதுகு நிமிர முடியாம ஆடித் தோத்துச்சுங்க. அதான் சங்கத்துல எல்லாரும் சேந்து வாங்கிட்டோம். போட்டி முடிஞ்சா கல்யாணத்துக்கு, சாவுக்கு, வர்ற விருந்தாளிக்குன்னு வாடகைக்கு விட்டுக்குவோம். காசை இங்க கரையிலயே உங்க கம்பெனிக்கு அனுப்பியாச்சு, ஒசோரோவைக் கேளு."

"அக்கா, நாங்க அந்தப் பதிவை மூணு தடவை கேட்டோம். ஆட்டுச் சத்தம்தான் கேட்டுச்சு."

"படகு இறங்குற நேரம், அப்படித்தான் இருக்கும். உங்க கம்பெனியில யாரோ நல்லாக் கேட்டுருக்காங்க. யாரு அந்தப் பொண்ணு? கூட்டியாந்திருக்கலாம்ல?"

அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, மனிதக் காதுக்கு எட்டாத இந்தக் குரலைப் பிசகில்லாமல் பிடித்திருக்கிறது சிகியோ! "பொண்ணு இல்லக்கா, அது ஒரு மிசினு!" என்று அகெயோ இருந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். சேறு தெறித்து கதோகோவின் காலணியில் விழுந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை. விடாப்பிடியாக, "சரி, பெரிய தலைக்குத் தலையணை? அது என்ன கணக்கு?" என்றார்.

அகெயோ மொழிபெயர்த்ததும் ரோஸ்பெல்லா முழித்தாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்த சிரிப்பில் கரையே திரும்பிப் பார்த்தது. "ஐயோ, அது உங்களுக்குச் சொன்னதில்ல! இந்தப் படகுக்கார ஓபுராவுக்குச் சொன்னது. நான் பேசிட்டு இருக்கேன், இவன் குறுக்க வந்து, எனக்கும் ஒண்ணு சொல்லுன்னான். உன் பெரிய தலைக்குத் தலையணை வேற கேக்குதாடான்னேன்!"

லாரிக்குள்ளிருந்து ஒசோரோ அந்தத் தலையணையை எடுத்து வந்தார். ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்தது. ஓபுரா அதை இரண்டு கையாலும் வாங்கி, தலையில் வைத்து அளவு பார்த்து, "மிசினுக்கே என் தலை தெரிஞ்சிருக்கு பாருங்க!" என்று கரை முழுக்கக் காட்டிக்கொண்டே நடந்தான். கதோகோவின் உதடு துடித்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"ஆனா ஒண்ணு," என்றாள் ரோஸ்பெல்லா, "உங்க மிசினுக்கு ஏரி தெரியல. லாரி தகவிரி பள்ளிக்கூடத்து வாசல்ல வந்து நிக்கும்னு எனக்குச் சேதி அனுப்புச்சு. மீனு ஓட்டுமா லாரிய?"

படகுகளில் இடம் போதவில்லை. மெத்தை எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துவிடலாம் என, கடைசிப் படகில் சுருள்களுக்கு நடுவே அகெயோவும் கதோகோவும் நெருக்கியடித்து ஏறினார்கள். கதோகோ பலகையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். ஓபுரா எஞ்சினைக் கிளப்பினான்.

பாதி வழியில் அது நடந்தது. படகின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு ஆணி, ஒரு சுருளின் உறையைக் கிழித்துவிட்டது. உஸ்ஸென்று பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். கதோகோ திரும்பிப் பார்ப்பதற்குள் சுருள் பிரிந்து, புரண்டு, உப்பி, அவரை அப்படியே தூக்கித் தன்மேல் மல்லாக்கப் போட்டது. சற்றுமுன் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், இப்போது நடு ஏரியில் முழு மெத்தையில் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார்.

எல்லாப் படகிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கதோகோ, வானத்திடம். "பதினோரு வருசமா இந்தக் கம்பெனியில இருக்கேன். இதுல படுத்ததே இல்ல."

"எழுந்திரிக்காதீங்க மலைக்காரரே, படகு சாஞ்சிடும்!" என்று ஓபுரா கத்தினான். எல்லாப் படகிலும் பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் யாரோ அதையே பாட்டாக்கி, மெத்தையில் வந்த மாப்பிள்ளை என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். அகெயோ அவருக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் தாளத்துக்குக் கால்விரல் ஆடியது.

தகவிரியில் வகுப்பறைகளின் மேசைகளை வெளியே போட்டுத் தரையைக் கழுவி வைத்திருந்தார்கள். மற்ற தீவுகளின் பெண்கள் படகு படகாக வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு சுருளையும் பிரிக்கப் பிரிக்க அது உஸ்ஸென்று உப்புவதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. அடுத்ததை நான் பிரிப்பேன் என்று அடிதடி. பிரித்த மெத்தையில் முதலில் யார் குதிப்பது என்று இன்னொரு அடிதடி. அகெயோ வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலமாக மெத்தை என்பது அவளுக்குத் திரையில் ஓடும் ஒரு எண். அது போய்ச்சேரும் இடத்தில் இப்படியொரு கூச்சல் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ரெம்பாத் தீவுச் சங்கத்துப் பெண்கள் மெத்தையை அமுக்கிப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் போட்டி தங்கள் தீவில் நடக்க வேண்டும் என்றார்கள். ரிங்கிட்டித் தீவுக்காரிகள் அதெல்லாம் முடியாது, தங்களுக்குத்தான் என்றார்கள். வாக்குவாதம் முற்றி, இரண்டு கூட்டமும் தனித்தனியாகச் செல்பேசியை எடுத்துச் சிகியோவிடம் பேச ஆரம்பித்தது.

"ஐயய்யோ, ஒவ்வொருத்தரா பேசுங்க!" என்று அகெயோ ஓடினாள். "ஜோக்கெல்லாம் அப்புறம் அடிச்சுக்குங்க. எது ஆர்டர், எது கிண்டல்னு அதுக்கு இன்னும் தெரியாது!"

அதற்குள் சிமியூவின் அழைப்பு வந்துவிட்டது. "மெத்தை திரும்பி வருதா இல்லையா?" என்றார் தாழ்ந்த குரலில்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கதோகோ செல்பேசியை வாங்கிக்கொண்டார். "சார், மெத்தை வராது. வித்தாச்சு, காசும் வந்தாச்சு. காதுல பஞ்சு வைக்க வேண்டாம். ஆனா என் பேச்சும் ஒண்ணு கேளுங்க. பெரிய ஆர்டர் வந்தா அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு மனுஷன் கூப்பிட்டுப் பேசணும். அதை அகெயோ ஒத்துக்கணும்." அவர் அவளைப் பார்த்தார். அவள் உடனே தலையாட்டினாள். "ஒத்துக்கிட்டா சார். அப்புறம் படகுக்காரங்க சங்கத்தோட ஒரு ஒப்பந்தம் போடணும். லாரி கரையோட நின்னுடுது, மிச்ச வழியையும் அது தெரிஞ்சுக்கணும். ஆமா சார், நான்தான் பேசுறேன். கதோகோதான். இல்ல சார், குடிக்கல."

சாயங்காலம் தொடக்க ஆட்டத்தில் தகவிரி, ரெம்பாவிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தகவிரி போட்ட அந்த ஒற்றைக் கோலுக்கே ஊர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஆடிவிட்டது. ரோஸ்பெல்லா விசிலை ஊதி ஊதி ஓய்ந்து, கடைசியில் தானும் ஆடினாள். கதோகோவை இரண்டு கிழவிகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மலைக்காரர்களுக்கு இடுப்பு வளையாது என்று கேலி செய்தார்கள். அவர் வளைத்துக் காட்டினார்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிப் பெண்களும் மெத்தைகளை மரத்தடிக்கு இழுத்து வந்து குவியலாகச் சாய்ந்தார்கள். ஈரச் சடைகளும் புழுதிக் கால்களுமாக ஒரே சிரிப்பு. அகெயோ செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் நடுவே போய் விழுந்தாள்.

பக்கத்தில் கிடந்த, ரெம்பாவுக்குக் கோல் போட்ட பெண் முழங்கையை ஊன்றி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்கா, நீங்க எந்தத் தீவு டீமு?"

"நான் கிசுமு."

"கிசுமு தீவே இல்லையே!"

"இல்லதான்."

"அப்ப எப்படி உள்ள விட்டாங்க?" என்று இன்னொருத்தி கேட்க, குவியல் முழுவதும் குலுங்கியது. ரெம்பாக்காரி சற்று யோசித்து, "சரி, நாளைக்கு எங்களுக்கு ஒரு ஆளு குறையுது. உங்களுக்குப் பந்து உதைக்க வருமா?" என்றாள்.

"வராது," என்றாள் அகெயோ. "ஆனா நல்லாக் கத்துவேன்."

"அது போதும்," என்று அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.