நாகலிங்கம் மடக்காத குடை

பலாங்கொடைக் கடைத்தெருவில், கபூர் நானாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில், தோட்டத்துச் சனங்களுக்கென்று ஒரு வாசிகசாலை திறந்தார்கள். அதற்கு மேல்மலைத் தோட்டத்துத் தொழிலாளி நாகலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். அவர் கண்மூடி ஒரு வருஷமாகியிருந்தது. அவருடைய படத்தின் திரையை விலக்க மனைவி மீனாம்பாளை அழைத்திருந்தார்கள்.

மீனாம்பாள் நிமிர்ந்து நடப்பவள். புருஷனை வேலையிலிருந்து நிறுத்தி, அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவிலிருந்து சட்டிபானையை வெளியே எடுத்து வைத்த அன்றுகூட அவள் தலைகுனிந்ததை யாரும் பார்த்ததில்லை. அந்த வீட்டார் அப்படி. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. யார் அடிக்கவும் நின்று கொடுத்ததுமில்லை.

திரை விலகியது. கூட்டம் கைதட்டியது. மீனாம்பாள் தட்டவில்லை.

படத்தில் நாகலிங்கம் புலிபோலப் பாய்ந்துகொண்டிருந்தார். கையில் ஓங்கிய குடை. தொப்பி ஒரு பக்கம், குதிரை ஒரு பக்கமாக, காலடியில் ஒரு வெள்ளைக்காரத் துரை மல்லாந்து கிடந்தார்.

"இது யாரு?" என்றாள் மீனாம்பாள்.

"அண்ணன்தான் அண்ணி!" என்றார் தோட்டத் தொழிலாளர் சங்கச் செயலாளர் சண்முகநாதன். "தொரைய குடையாலயே வெளுத்து வாங்கினாரே, அந்தக் காட்சி!"

"நீ பாத்தியா?"

"நான் அப்போ கண்டியில படிச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாரும் சொல்றாங்க."

முன்வரிசையில் மேல்மலைத் தோட்டத்து நடராஜா கங்காணி உட்கார்ந்திருந்தார். புதுத் துரைக்கு வலதுகை. அவர் மீசையைத் தடவிச் சிரித்தார்.

"படம் பிரமாதம். நாளைக்கே எங்க தொரைய கூட்டிக்கிட்டு வந்து காட்டுறேன். கூலியாளுக்குக் குடை எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. அடிக்கத்தான்னு நீங்களே படம் போட்டு வச்சிருக்கீங்க."

கைதட்டியவர்களுக்கு விஷயம் உறைத்தது. முன்பெல்லாம் தோட்டத்து ரோட்டில் துரையின் குதிரை வந்தால், கொட்டுகிற மழையானாலும், குடையை மடக்கிக்கொண்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். அந்த வழக்கம் ஒழியக் காரணமானவர் நாகலிங்கம். அதைத் திரும்பவும் கொண்டுவரப் புதுத் துரை ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார் என்பது ஊருக்கே தெரியும். இப்போது சாக்கு சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது.

"மறுபடி மூடிருவோமா தங்கச்சி?" என்று கபூர் நானா காதோடு கேட்டார்.

"எதுக்கு நானா? பொய்யை மூடி வச்சா உண்மையாயிருமா?" மீனாம்பாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். மேடையில் பெண்கள் பேசுவது அந்த ஊரில் வழக்கமில்லை. அவள் யாரிடமும் அனுமதி கேட்கவுமில்லை.

"என் வீட்டுக்காரரு யாரையும் அடிக்கல. குதிரைக்கு ஒதுங்கி வழி விட்டாரு, சலாம் சொன்னாரு. குடைய மடக்குடான்னு தொரை கத்தினாரு. 'மழை விட்டதும் மடக்குறேங்க தொரை'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்குத்தான் வேலை போச்சு."

"அப்புறம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அப்புறம் அவரு ஒண்ணும் செய்யல. செஞ்சது லயத்து ஆளுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை கொட்டுற மழையில அத்தனை பேரும் அதே ரோட்டுல டவுனுக்குக் கிளம்பினாங்க. பாதிப் பேருக்குக் குடையே கிடையாது. தங்கம்மாதான் வாழை எலைய வெட்டித் தலைக்கு மேல பிடிச்சா. அதைப் பாத்துக் குடையில்லாதவங்க எல்லாரும் எலையோட நின்னாங்க. தொரை வந்தாரு. மடக்குன்னாரு."

பின்வரிசையிலிருந்து தங்கம்மாவே எழுந்துவிட்டாள். "வாழை எலைங்க தொரை, மடக்கினா கிழிஞ்சிரும்னேன்!"

மாடி அதிரச் சிரித்தார்கள். "குதிரையத் திருப்பிக்கிட்டுப் போன மனுசன், அதுக்கப்புறம் குடையப் பத்தி வாயே தொறக்கல," என்று முடித்தாள் மீனாம்பாள்.

சண்முகநாதன் தலையைச் சொறிந்தார். "அப்போ படத்துல அண்ணன் சின்னதாயிருவாரே, அண்ணி?"

"ஆகட்டும். பொய்யா பெருசா நிக்கிறதைவிட அது மரியாதை."

படம் வரைந்த தோமிஸ் பாஸ், நாடகத் திரை வரைகிற சிங்களவர், சாயப்பெட்டியோடு ஓரமாக நின்றிருந்தார். "ஹரி அக்கே, சரி அக்கா, இப்பவே மாத்துவோம்," என்று தூரிகையை எடுத்தார். ஓங்கிய குடையைத் தலைக்கு மேல் விரித்தார். மல்லாந்து கிடந்த துரைமேல் பச்சையை அப்ப, அவர் நல்ல தேயிலைச் செடியானார். பிறகு நாகலிங்கத்துக்குப் பின்னால் வாழையிலைகள் முளைக்கத் தொடங்கின.

அவ்வளவுதான், கூட்டம் படத்தை மொய்த்துக்கொண்டது.

"பாஸ், நான் தங்கம்மாவுக்குப் பக்கத்துல!"

"என் எலை இதைவிடப் பெருசு!"

"யோவ், நீ அன்னிக்குக் காய்ச்சல்னு படுத்துக் கெடந்தே!"

நடராஜா கங்காணி மெல்ல எழுந்து படிப்பக்கம் நகர்ந்தார். தங்கம்மா விடவில்லை.

"எங்க போறீங்க கங்காணியாரே? என் பின்னால கிழிஞ்ச எலையோட நின்னது நீங்கதானே! அப்போ நீங்களும் எங்களோட மண்வெட்டி பிடிச்ச ஆளுதானே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கங்காணிக்கு முகம் சிவந்தது. தோமிஸ் பாஸ் அவரை மேலும் கீழுமாக அளந்துவிட்டு, தங்கம்மாவின் இலைக்குப் பின்னால் ஒரு முகத்துக்குக் கோடு போட்டு, மீசையையும் வைத்தார்.

"தொரைகிட்ட என்ன சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள் மீனாம்பாள்.

கங்காணி படிப்பக்கமிருந்து திரும்பினார். படத்தின் அருகே வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பாஸ்," என்றார் கடைசியில், "அப்போ எனக்கு மீசை கிடையாது."