முட்டுகளைத் தட்டிப் பார்த்தவள்

தையல்காரிக்குத் துணியில் கால் அங்குலம் பிசகினாலும் கண்ணில் உறுத்தும். சொந்த வீடு எழும்பும் இடத்தில் மட்டும் அந்தக் கண் சும்மா இருக்குமா? தூக்குக்குண்டு விட்டுத் தூண் நேராக நிற்கிறதா என்று பார்ப்பாள். கம்பிகளின் இடைவெளியை டேப் வைத்து அளப்பாள். கட்டுவேலையை ஏற்றிருந்த மேஸ்திரி அவளுடைய கொழுந்தன்தான். “அண்ணி, இது வீடு, ரவிக்கை இல்ல” என்று ஆட்கள் முன்னால் கேலி பேசுவான். அண்ணன் லாரியோடு வெளியூரில் இருந்ததால் அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் அன்று அவளை வர வேண்டாம் என்றான். அதனாலேயே வந்தாள்.

மேலே எட்டுப் பேர் கலவையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பலகைகளைத் தாங்கி நின்ற முட்டுக் கம்புகளுக்கு நடுவே புகுந்து, ஒவ்வொன்றாகக் கையால் தட்டிக்கொண்டே போனாள். மூலையில் மூன்று ஆடின. அடியில் பலகை இல்லை, உடைந்த செங்கல் துண்டுகள்தான். மழையில் ஊறிய மண்ணுக்குள் அவள் கண்ணெதிரிலேயே அவை இறங்கின.

“நிறுத்துங்க! எல்லாரும் கீழ வாங்க!”

“மிக்சர் ஓடுது அண்ணி. பாதியில விட்டா தளம் ஒட்டாது. போய் உங்க மெஷினைப் பாருங்க.”

அவள் நேராகப் போய்க் கலவை மிக்சரின் இன்ஜினை அணைத்தாள்.

கொழுந்தனின் கை பளாரென்று அவள் கன்னத்தில் விழுந்தது. காது கொய்யென்றது. அடுத்த அடி விழுவதற்குள் அவள் கையில் மண்வெட்டி இருந்தது. காம்பைத் திருப்பி அவன் தோளில் போட்டாள். அவன் அவளுடைய கொண்டையைப் பிடித்துச் சுழற்றி மணல் குவியலில் தள்ளினான். வாயெல்லாம் மணல்.

“இன்ஜினைப் போடுடா!”

மிக்சர்காரரை எல்லாரும் மொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மூலையைப் பார்த்தார். “போட மாட்டேன் மேஸ்திரி. முட்டு இறங்குது.”

கம்பித் துண்டு ஒன்றை எடுத்து அந்த வழுக்கைத் தலையிலேயே இறக்கினான் கொழுந்தன். ரத்தம் புருவத்தைத் தாண்டி வழிந்தது. தையல்காரி மண்வெட்டியோடு எழுந்து, இந்த முறை அவன் முழங்கையைக் குறிவைத்தாள். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. அவளுக்கு அது பிடித்திருந்தது. அதைப் பிறகு அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் கத்தியபோது இறங்காத எட்டுப் பேரும் சண்டையை விலக்க ஏணியில் தடதடவென்று இறங்கி வந்தார்கள். இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

கொழுந்தனுக்கு மானம் போய்விட்டது. “இதுவா ஆடுது? இதுவா? பாருங்கடா!” என்று மூலைக்குப் போய் முட்டுக் கம்பை ஓங்கி உதைத்தான்.

அது சரிந்தது. பக்கத்திலிருந்ததும் சரிந்தது. பிறகு பலகையும் கம்பியும் ஈரக் கலவையும் மொத்தமாக இறங்கின. தூசி எழவில்லை, சேறு விழுவது போலத் ‘தொப்’பென்ற சத்தம், அதற்குள்ளிருந்து ஓர் அலறல்.

முதலில் ஓடியவள் அவள்தான். வெறுங்கையால் கலவையை வாரினாள். சிமெண்ட் விரல்களை அரித்தது. மொட்டை கடப்பாரை போட்டு நெம்ப, கக்கத்தில் கைகொடுத்து அவனை இழுத்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு யாருடைய காலோ போலத் தொங்கியது.

“அண்ணி, விட்டுடாதீங்க அண்ணி.”

“வாயை மூடுடா. மூச்சு விடு.”

ஆஸ்பத்திரியில் அந்தக் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் முதலில் சொன்னது, மண்வெட்டியால் முட்டுக் கம்பைத் தட்டிவிட்டதே அண்ணிதான் என்று. மாமியார் நம்பினாள். சொந்தத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். மொட்டை தலையில் ஏழு தையலோடு வந்து நடந்ததைச் சொன்ன பிறகும் நம்பினார்கள்.

லாரியிலிருந்து இறங்கி நேராக வந்த கணவன், அவளுடைய வீங்கிய கன்னத்தையும் தோலுரிந்த விரல்களையும் பார்த்தான்.

“அவனை அடிச்சியா?”

“அடிச்சேன்.”

“முட்டுக் கம்பை?”

“அதை அவன்தான் உதைச்சான்.”

 அவன் தம்பியைப் பார்க்கக் கிளம்பினான். அவளைக் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை.